நேற்று நட்ட அறுபது நோக்கோல்

“தோட்ட வேலைக்கும் சோதினையோ?” என்று எங்கள் ஆட்கள் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜேர்மனியில் தலைமயிர் வெட்டச் சோதினை இருக்கிறது, புகைபோக்கி துப்புரவாக்கச் சோதினை இருக்கிறது, பாண் சுடவும் இருக்கிறது. காய்கறி வளர்ப்பதற்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? ஆண்டுக்கணக்கில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்து, கடைசியில் மூன்று பேர் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்துகாட்டித் தேறினால்தான் இங்கே ஒருவர் தன்னைத் தோட்டத் தொழில் படித்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் ஏழு கோடைகள் அந்த மூன்று பேரில் ஒருத்தியாக நான் இருந்தேன்.

குழு என்றால் முதலாளிமார் பக்கத்திலிருந்து ஒருவர், தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒருவர், தொழிற்பாடசாலையிலிருந்து ஒருவர். முதலாளிமார் பக்கத்தில் எங்களுக்கு வாய்த்தவர் பிராங்பேர்ட்டுக்குத் தெற்கே செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகள் வைத்திருந்த, தோட்டத் தொழிலில் மாஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர். மீசை பெரிது, பொறுமை சிறிது. பாடசாலைப் பக்கத்தில் ஓர் ஆசிரியை வந்தார். குழுவின் தலைவியும் அவர்தான். எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு படிவம் வைத்திருப்பார். தொழிலாளர் பக்கம் நான். பிராங்பேர்ட்டின் பேர்போன பச்சைச் சோஸுக்குப் போடும் ஏழு வகை இலைகளையும் வளர்த்துக் கட்டுக்கட்டாக அனுப்பும் ஒரு தோட்டத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவந்தேன். இடையில் அதே சோதினையை வெளியாளாக நானும் எழுதித் தேறியிருந்தேன். லீவு போட்டுக்கொண்டு போய் அடுத்தவனுடைய பாத்தியை முகர்ந்து பார்க்க வேறு யாரும் முன்வராததால் தொழிற்சங்கத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு குழுவில் இருக்கும் ஒரே தமிழ் ஆள் தன் மனைவிதான் என்று என் கணவர் பிறந்தநாள் விழாக்களில் சொல்லுவார். அது உண்மையா என்று அவரும் விசாரித்ததில்லை, நானும் மறுத்ததில்லை.

அந்த வேலை எனக்கு நன்றாகப் பொருந்தியது. குற்றம் கண்டுபிடிக்கும் கண் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். நாற்றை ஆழமாக நட்டிருந்தால் தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். மண்ணை மேலால் நனைத்துவிட்டு நன்றாகத் தண்ணீர் விட்டேன் என்று சொல்பவனைச் சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறிப் பார்த்தே பிடித்துவிடுவேன். மாஸ்டர் என்னை ‘எங்கள் எக்ஸ்ரே’ என்று கேலி செய்வார். அதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

புள்ளி போடுவதில் ஒரு முறை இருந்தது. மூன்று பேரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், பென்சிலால் புள்ளி எழுத வேண்டும். பிறகுதான் தாள்களை மேசையில் மலர்த்தி வைத்துக் கதைப்பது. சோதினையில் பெரும்பங்கு பாத்திக்கு. படிக்கிறவர் வசந்தத்தில் ஒரு பயிரைத் தன் பொறுப்பில் எடுத்து, விதைப்பது முதல் எல்லாவற்றையும் தானே செய்து, ஜூன் மாதத்தில் எங்களுக்குக் காட்ட வேண்டும். இதைத் தவிர வாராந்தப் பதிவுக் கொப்பி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் என்ன செய்தேன் என்று எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கொப்பி நிறையாவிட்டால் சோதினைக்கே விடமாட்டார்கள். கொப்பியைச் சரிபார்ப்பது குழுவில் என் வேலை. சரிபார்ப்பது என்றால் வாரங்களை எண்ணுவது, கையெழுத்துகளை எண்ணுவது. வாசிப்பது இல்லை. இரண்டு மூன்று ஆண்டு களை பிடுங்கிய கதையை யார் உட்கார்ந்து வாசிப்பார்கள்?

நான் சொல்லவந்த ஆள் ஒரு பாண்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். இருபது ஆண்டுகள் வெதுப்பகத்தில் மா குழைத்து, கடைசியில் அந்த மாவே மூச்சுக்குழாயில் இறங்கி ஆஸ்த்மாவாகிவிட்டது. இனி மா இருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். தொழிலால் வந்த நோய் என்பதால் காப்புறுதி வேறு தொழில் படிப்பிக்கச் சம்மதித்தது. அவர் தோட்டத்தைத் தேர்ந்தார். படித்த தோட்டத்தின் முதலாளி, சான்றிதழோடு வந்தால் நிரந்தர வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் பாண்காரர் ஏற்கெனவே இரண்டு முறை சோதினையில் தவறிவிட்டார். இரண்டு முறையும் கையால் செய்யும் பகுதியில் அவரிடம் ஒரு பிழையும் இல்லை. வாய்தான் அவரைக் கவிழ்த்தது. கேள்வி கேட்டால் பதற்றத்தில் அளவில்லாமல் பேசுவார். மண்ணைப் பற்றிக் கேட்டால் மழைக்குப் போவார், மழையிலிருந்து வெதுப்பகத்துக்குப் போவார், பதில் எங்கேயோ நடுவில் கிடக்கும். மூன்றாம் முறைதான் கடைசி முறை, அதற்குமேல் சட்டத்தில் இடமில்லை. தவறினால் காப்புறுதியும் கைவிடும், முதலாளியின் வாக்கும் போய்விடும், வெதுப்பகத்துக்கும் திரும்ப முடியாது. இது எங்கள் மூவருக்கும் தெரிந்தே இருந்தது. ஆசிரியை பாடசாலையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு புத்தி சொல்லியிருந்தார்: “கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.”

மூன்றாம் சோதினை நாளன்று முதலாளி மொத்தச் சந்தைக்குப் போயிருந்தார். அது வழமைதான், சோதினை நேரத்தில் படிப்பித்தவர் கண்ணெதிரே நிற்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு ஒரு மேசையைப் போட்டுத் தொடங்கினோம். நான் கொப்பியைப் புரட்டி வாரங்களை எண்ணினேன், சரியாக இருந்தன. அவர் விதை போட்டார், நாற்றுகளைப் பிரித்து நட்டார், நோய் பிடித்த இலைகளை அடையாளம் சொன்னார். கேட்டதற்கு மட்டும், இரண்டு மூன்று சொற்களில். மாஸ்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கும் திருப்தியாக இருந்தது. இந்த முறை ஆள் தப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பதினொரு மணிக்குப் பாத்திக்குப் போனோம். வாசலுக்குப் பக்கத்தில், திறந்த வெயிலில், அறுபது நோக்கோல். இங்கே அதைக் கோல்ராபி என்பார்கள், இந்தியாவில் நூல்கோல். நூல் பிடித்த வரிசைகள், கிழங்கு அரைவாசி திரண்டிருந்தது. மாஸ்டர் “அழகு” என்று சொல்லிவிட்டார். சோதினையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதே அபூர்வம்.

எனக்கோ ஏதோ இடித்தது. ஒரே இடத்தில் வளர்ந்த செடிகள் வெளிச்சத்தைப் பார்த்து ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இங்கே ஒன்று தெற்கே பார்த்தது, ஒன்று வீதியைப் பார்த்தது. வரிசைக்கு நடுவே ஒரு புல்முளைகூட இல்லை. செடியைச் சுற்றி மண் இருண்டிருந்தது, விரல்களால் அழுத்திய பள்ளங்கள்கூட அழியாமல் இருந்தன. அந்தப் பாத்தியின் வயது ஒரு நாள்தான்.

எனக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் ஆறு ஆண்டுகள் ஒரு பாடசாலையில் விவசாயப் பாட ஆசிரியையாக இருந்தேன். கிணற்றடிக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பாடத் தோட்டம் இருந்தது, பேருக்கு. கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்று மூன்று நாள் முன்னதாகவே எங்கிருந்தாவது செய்தி வந்துவிடும். அதிபர் என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், தோட்டம்…” என்று மட்டும் சொல்லுவார். மிச்சம் எனக்குத் தெரியும். வரும் நாள் விடிய முன்னமே பிள்ளைகள் வீட்டிலிருந்து கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாவற்றையும் வேரோடு கொண்டுவருவார்கள். வரிசையாக நட்டு, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு வரிசைக்கும் விதைத்த திகதி எழுதிய தடி குத்தி வைப்போம். அந்தத் திகதிகளை நான்தான் எழுதினேன், அழகான கையெழுத்தில். அதிகாரி ஒன்பது மணிக்கு வந்து விறாந்தையில் நின்றபடியே பார்ப்பார். செடிகள் யாருடையவை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்கமாட்டார் என்று எங்களுக்கும் தெரியும். ‘மிகத் திருப்தி’ என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். அந்த ‘மிகத் திருப்தி’களின் பலத்தில் எனக்கு ஒரு பதவி உயர்வும் கிடைத்தது.

எனவே பாண்காரரின் பாத்தியைப் பார்த்தபோது, தெருவில் பழைய கூட்டாளியைக் கண்டதுபோல இருந்தது. என் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்க்கிறாரா என்று கோபமும் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. மற்ற இருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டதே.

“இவற்றை எப்போது நட்டீர்கள்?” என்று கேட்டேன்.

“நேற்றுப் பின்னேரம்” என்றார்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து முதல் வரிசையில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். கஷ்டமே இல்லாமல், மண் கட்டியோடு அப்படியே வந்தது. அதை உயர்த்திப் பிடித்து இருவருக்கும் காட்டினேன். கையும் களவுமாகப் பிடிப்பது என்று இதைத்தான் சொல்லுவார்கள்.

“நேற்று நட்டதற்கு இந்தப் பருமன் கிழங்கா?” என்று கேட்டேன். அது கேள்வியே இல்லை. பதிலை எதிர்பார்த்து நான் கேட்கவுமில்லை. அவர் வாயைத் திறந்தார். அவர் பேசத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று அறிந்த ஆசிரியை கையை உயர்த்தி, “போதும், நன்றி” என்றார். பாண்காரர் வாயை மூடிக்கொண்டார். முகம் முதலில் சிவந்து, பிறகு வெளிறியது. ஆஸ்த்மா மருந்தைப் பையிலிருந்து எடுத்து ஒரு முறை இழுத்தார். எனக்கு அது பிடிபட்ட ஆளின் முகமாகத்தான் தெரிந்தது.

ஏமாற்ற முயன்றதாக முடிவானால் அந்தப் பகுதிக்குப் பூச்சியம். பாத்திக்குப் பூச்சியம் என்றால் சோதினையே போய்விட்டது. ஆசிரியை அதற்கான படிவத்தை எடுத்தார், அதுவும் அவரிடம் இருந்தது. மூவரும் கையெழுத்து வைத்தோம். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று பாண்காரருக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் தலையசைத்துவிட்டு, மண் ஒட்டிய கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். இரண்டு முறை தவறியவர்கள் ஆட்சேபம் எழுதுவதில்லை. இது எங்கள் அனுபவம்.

படிவத்தோடு பதிவுக் கொப்பியும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அலுவலகம் என் வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் அடுத்த நாள் காலை கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் தந்தார்கள். எஸ்-பான் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையில் வேறு வாசிக்க ஒன்றும் இல்லை. கொப்பியைத் திறந்தேன், அதுவும் கடைசிப் பக்கத்தில், அவர் அந்தக் களவை எப்படி மறைத்து எழுதியிருக்கிறார் என்று பார்க்கத்தான்.

அவர் மறைத்திருக்கவில்லை. சோதினைக்கு முந்திய நாளின் கீழே இப்படி இருந்தது: ‘மூன்றாம் பாத்திக்குக் கீழே தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. நாளை தோண்டுகிறார்கள். முதலாளி சொற்படி என் அறுபது கோல்ராபியையும் வாசல் பாத்திக்கு மாற்றினேன். பின்னேரம் ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை. ஒவ்வொன்றையும் மண்ணோடு.’ பக்கத்தில் முதலாளியின் கையெழுத்து.

நான் பின்பக்கமாகப் புரட்டினேன். நாற்றுகளை மூன்றாம் பாத்தியில் நட்ட நாள் இருந்தது. அதற்கு முன்னால் அவற்றைப் பிரித்து நட்ட நாள், முளைத்த நாள், விதைத்த நாள். விதைமண்ணுக்கு எவ்வளவு மணல், எவ்வளவு உக்கல் உரம் என்று கிராம் கணக்கில் எழுதியிருந்தார், பாணுக்கு மா நிறுப்பதுபோல. முளைக்காமல் போன நான்கு விதைகளுக்கும் ஒரு வரி இருந்தது. அறுபதும் தொடக்கம் முதலே அவருடையவைதான். காலை எட்டு மணியிலிருந்து அந்தக் கொப்பி என் முன்னால், என் மேசையில்தான் கிடந்தது. நான் அதில் வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்ததில் இறங்கி நடந்தே வந்தேன்.

என் கணவர் விமான நிலையத்தில் சாப்பாடு தயாரிக்கும் கூடத்தில் காலை வேலை முடித்து வந்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தையும் கழற்றாமல் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எங்கையிருந்து கொண்டுவந்தது எண்டு கேட்டனீரோ?”

“கேக்கேல்லை.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன். எனக்குத் தெரியும்தானே.”

“என்ன தெரியும்?”

பாடசாலைத் தோட்டத்துக் கதையை அதுவரை நான் அவருக்குச் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் யாருக்குமே சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்ப நல்ல கள்ளியைத்தான் பிடிச்சுச் சோதினை நடத்த விட்டிருக்கிறாங்கள்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் குரலை மாற்றினார்.

“இஞ்சரும், மூண்டு பேரும் சைன் வைச்சதுதானே. அந்தாள் எழுதிப் போடட்டும். அப்ப பாக்கலாம்.”

“அவர் எழுதமாட்டார்.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அன்று அந்தச் சொல்லை நான் போதுமான அளவு பாவித்திருந்தேன்.

“நீர் போய் என்ர பிழை எண்டு சொன்னால், வெளிநாட்டுக்காரி பிழை விட்டிட்டா எண்டுதான் கதைப்பாங்கள். பிறகு உம்மை அந்தக் குழுவிலை வைச்சிருப்பாங்களோ? யோசியும்” என்றார். என்மீது உள்ள அக்கறையில்தான் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மையும்கூட. நான் பெரிய நீதியுள்ளவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிழையான புள்ளி ஒன்று தாளில் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். அது அடுத்தவர் போட்டதாக இருந்தால் உடனே சொல்லியிருப்பேன். என்னுடையதாக இருந்ததால் ஒரு பின்னேரம் பிடித்தது.

காலையில் ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர், “கொப்பியை அலுவலகத்தில் கொடுக்காதீர்கள், குழுவைக் கூட்டுகிறேன்” என்றார். எட்டு நாள் கழித்து எல்லோரும் கூடுவதற்கு ஒரு டெர்மின் கிடைத்தது, அதே தோட்டத்தில், அதே மேசையில். பாண்காரரையும் வரச் சொல்லி, கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டிலில் காத்திருக்க வைத்தார்கள். என்ன விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதலாளிக்கே எட்டு நாளாக விவரம் தெரிந்திருக்கவில்லை. “தேறவில்லை” என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, பாண்காரர் தினமும் வந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம்.

கொப்பியை மூவரும் வாசித்தோம். இம்முறை வாசித்தோம். மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டு, “அதிகம் யோசிக்க வேண்டாம். புதிய ஆதாரம் கிடைத்தது என்று எழுதுவோம். யார் பிழை, எவர் பிழை என்று எதற்கு?” என்றார். எனக்காகத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. ஆசிரியை படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ‘முடிவை மாற்றுவதற்கான காரணம்’ என்று ஒரு பெட்டி, நான்கு வரிக்கு இடம் இருந்தது.

பேனாவை எடுத்தேன். ‘புதிய ஆதாரம்’ என்று இரண்டு சொல் எழுதினால் போதும். என் பெயர் கெடாது, அவர் தேறிவிடுவார், மாஸ்டர் தன் கண்ணாடி வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதில் புதிது எது? கொப்பி முதல் நாளும் அங்கேதான் இருந்தது. விதைத்த திகதி எழுதிய பழைய தடிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. இன்னொரு முறை அழகான கையெழுத்தில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுதியது இது: ‘செடிகள் எங்கிருந்து வந்தன என்று பரீட்சகர் கேட்கவில்லை. கொப்பியையும் வாசிக்கவில்லை. பரீட்சகர் முன்பு ஆசிரியையாக இருந்தபோது, பார்வையிட வருகிறவர்களை ஏமாற்ற இரவல் செடிகளை நட்டிருக்கிறார். அதனால் இவரும் அப்படியே செய்தார் என்று நினைத்துவிட்டார்.’ ஜேர்மன் மொழியில் நான்கு வரிக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் ஏறி எழுதினேன். ஆசிரியை வாசித்தார். மாஸ்டர் வாசித்தார். “மை காயட்டும்” என்று மட்டும் ஆசிரியை சொன்னார்.

பிறகு பாத்திக்குப் போனோம். அறுபதில் ஒன்று குறைந்திருந்தது. அது நான் பிடுங்கியது. தனித்தனியாக நின்று பென்சிலால் புள்ளி எழுதினோம். தாள்களை மலர்த்தியபோது மூன்றிலும் ஒரே புள்ளி, அதுவும் மிக நல்ல புள்ளி. ஏழு கோடைகளில் எங்கள் மூவரின் புள்ளியும் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். மற்றப் பகுதிகளோடு கூட்டினால் அவர் வசதியாகத் தேறியிருந்தார்.

பாண்காரரைக் கூப்பிட்டுச் சொன்னோம். மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆசிரியை சட்டப்படி அவருக்குரிய படிவப் பிரதியைக் கொடுத்தார். மற்றவர்கள் மேசையை மடிக்கப் போக, நானும் அவரும் பாத்தி ஓரத்தில் நின்றோம். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் நின்றேன். ஆனால் அவர் தாளை வாசித்துக்கொண்டிருந்தார், வாய் அசைய, மெதுவாக. என் வரிகளுக்கு வந்ததும் நின்றார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

“அவை பிழைத்தனவா?” என்று கேட்டார்.

“எவை?”

“நீங்கள் நட்டவை. அந்தப் பள்ளிக்கூடத்தில்.”

இத்தனை ஆண்டில் அதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமலேயே பதில் இருந்தது. “இல்லை” என்றேன். “வெயில் ஏற ஏற எல்லாம் தலை தொங்கிவிடும். பத்து மணிக்கு மேல் ஒன்றும் நிற்காது. அதிகாரி ஒன்பதரைக்கே போய்விடுவார்.”

அவர் தன் பாத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. இரண்டு முறை வாயால் தவறியவர் இம்முறையும் அதிகம் பேசவில்லை.

“அன்று நீங்கள் இந்தப் பாத்திக்கு வந்தபோது மணி பதினொன்று” என்றார். “ஒன்றுகூடத் தொங்கவில்லை.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.